எதைச் சேர்ப்பது, எதை விடுவது? பெரியப்பாவின் இசைத்தட்டுப் பெட்டி

சென்ற ஆண்டு தீபாவளி முடிந்த மறு வாரம், ராசாவில் இருக்கும் பெரியம்மா வீட்டு ஸ்டோர் அறையைக் காலி செய்ய என்னையும் வரச் சொன்னார்கள். பெரியம்மாவுக்கு வயது 84. இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று ஜொகூரில் இருக்கும் அண்ணன் அவரைத் தன்னோடு அழைத்துக்கொள்கிறார். வீட்டுக்கு ஆள் பார்த்தாகிவிட்டது. பால்மரம் வெட்டும் கத்தி, ஓட்டை விழுந்த வாளி, மண்ணெண்ணெய் விளக்கு, இவற்றுக்கெல்லாம் அடியில் இரண்டு தகரப் பெட்டிகள். திறந்தால் உள்ளே பழைய 78 சுற்று இசைத்தட்டுகள். முழுசாக 109, உடைந்தவை 9.

பெரியப்பாவைப் பெயர் சொல்லிக் கேட்டால் பல பேருக்குத் தெரியாது. ‘மைக் செட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். விடியற்காலையில் பெரட்டு, அதன்பிறகு பால்வெட்டு. சாயங்காலம் ஆனால் ஆம்பிளிபயர், லாரி பாட்டரி, இரண்டு குழாய் ஸ்பீக்கர், இந்தத் தகரப் பெட்டிகள். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, நைஜல் கார்டனர் என்று ஒவ்வொரு தோட்டமாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போவார். அந்தப் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் போனதுண்டு. (இன்றைக்கு அதைப் பெஸ்தாரி ஜெயா என்கிறோம். 2007இல் பெயர் மாறியது. பெரியம்மாவுக்கு இன்னும் அது பெர்ஜுந்தைதான்.)

அண்ணன் கோலாலம்பூரில் பழம்பொருள் வாங்கும் ஒருவருக்குப் போன் செய்தார். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார். “பாகவதர் தட்டு, சின்னப்பா தட்டு, கே.பி.சுந்தராம்பாள் இருந்தால் நல்ல விலை தருகிறேன். மற்றது வேண்டாம். மலாய் தட்டு, நாடகத் தட்டு, உடைசல் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.”

அண்ணனுக்கு இது நியாயமாகப் பட்டது. எனக்கும் அப்போது தவறாகத் தெரியவில்லை. ஆனாலும் கொடுப்பதற்கு முன் ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துச் சொன்னது அது. முடிக்க ஏழு மாதம் ஆனது.

இது எதன் பட்டியல்?

முதல் ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறந்து எக்செல்லில் ‘தமிழ் இசைத்தட்டுகள்’ என்று தலைப்பிட்டேன். அரை மணி நேரத்திலேயே சிக்கல். பெட்டியில் 14 மலாய் தட்டுகள் இருந்தன. அவற்றில் நான்கு பி.ரம்லி. மூன்று இந்தி. ஒன்றில் முழுக்கச் சீன எழுத்து. கர்நாடக இசைத் தட்டுகளில் பாதிக்கு மேல் தெலுங்குக் கீர்த்தனைகள். பாடியவர் தமிழர், பாட்டு தெலுங்கு. இது தமிழ்த் தட்டா, இல்லையா?

தெலுங்குக் கீர்த்தனைகளைச் சேர்த்தேன், மலாய் தட்டுகளை விட்டேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ரம்லி தட்ட ஏன் தம்பி தனியா வைக்கிற?”

“அது மலாய் பாட்டு பெரிம்மா. இது தமிழ் லிஸ்ட்டு.”

“உங்க பெரியப்பா அத வாங்கினதே நம்ம கல்யாணங்களுக்குத்தான். கம்போங்லேருந்து ஆளுங்க வருவாங்க, மலாய் மண்டோர் வருவாரு. அவுங்க சாப்பிட உட்கார்ந்ததும் ரம்லி. அரை மணி நேரம். அப்புறம்தான் திரும்ப நம்ம பாட்டு.”

நான் எழுதிக்கொண்டிருந்தது எதன் பட்டியல் என்று எனக்கே தெரியவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ் இசையின் பட்டியல் என்றால் ரம்லிக்கு அதில் இடமில்லை. வட சிலாங்கூர்த் தோட்டத்து இரவுகளில் ஒலித்த இசையின் பட்டியல் என்றால் அவர் இல்லாமல் அது முழுமையாகாது. இரண்டும் வேறு வேறு வேலை. ரம்லியின் கதையிலேயே நம் பங்கு உண்டு என்பது இன்னொரு விஷயம். 1950இல் வந்த ‘பக்தி’ படத்தில் அவரைக் கதாநாயகனாக்கியவர் சென்னையில் பிறந்த எல்.கிருஷ்ணன்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. இசைத்தட்டுகளுக்கு முறையாகப் பட்டியல் போடுவது ஏறக்குறைய 90 ஆண்டுப் பழக்கம். பிரான்சில் சார்ல்ஸ் டெலோனே 1936இல் ஜாஸ் தட்டுகளுக்காக வெளியிட்ட நூல் இதில் ஒரு தொடக்கம். அன்றிலிருந்து இந்த வேலையில் இறங்கிய ஒவ்வொருவரும் ‘எங்கே கோடு கிழிப்பது’ என்று தங்களுக்குள் சண்டை போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்பாட்ஸ்வுட், அந்த நாட்டில் 1893 முதல் 1942 வரை பிறமொழிகளில் பதிவான இசையை ஏழு தொகுதிகளாக 1990இல் வெளியிட்டார். அவருக்குக் கோடு, பதிவான இடம். அமெரிக்க மண்ணில் பதிவானதா, உள்ளே வா.

இந்திய இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் தந்த ஆஸ்திரேலியர் மைக்கேல் கின்னியர் இதற்கு நேர்மாறாகச் செய்தார். கிராமபோன் கம்பெனியின் இந்தியப் பதிவுகளைப் பற்றிய அவரது முதல் நூல் 1994இல் வந்தது. அது 1899இல் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் வந்து இறங்கியது 1902இல்தான். இடையில் உள்ள மூன்று ஆண்டு எங்கிருந்து வந்தது? 1899இல் லண்டனில் சில இந்தியர்கள் பாடிய, பேசிய பதிவுகள் இருந்தன. கின்னியர் அவற்றையும் சேர்த்துக்கொண்டார். அவருக்குக் கோடு மண்ணில் இல்லை, குரலில் இருந்தது.

ஸ்பாட்ஸ்வுட் ஏன் 1942இல் நிறுத்தினார் என்றும் தேடிப் பார்த்தேன். அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் பதிவு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அங்கே அது ஓர் இயல்பான முடிவு. நமக்கும் 1942 என்றால் ஒரு முடிவுதான், ஆனால் அதை ஏற்படுத்தியது ஜப்பான்காரன். அந்த ஜனவரியில் கோலாலம்பூர் விழுந்தது. பிறர் கிழித்த கோட்டை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள முடியாது. நான் ஆண்டுக் கணக்கே பார்க்கவில்லை. பெரியப்பா கேசட்டுக்கு மாறிய நாள்தான் என் கோடு. பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ, அது பட்டியலில் இருக்கும்.

பெரிய பெயர்கள் மட்டும் போதுமா?

பழம்பொருள்காரர் கேட்ட மூன்று பெயர்களுக்குத் திரும்ப வருகிறேன். பெட்டியில் அவர் கேட்ட தட்டுகள் மொத்தம் 11. மற்றவற்றில் பலவும் நான் கேள்விப்பட்டே இராத பெயர்கள். அந்த 11 தட்டுகளும் அழியப்போவதில்லை. சென்னையிலும் மும்பையிலும் லண்டனிலும் அவற்றின் பிரதிகள் இருக்கும். மற்றவற்றுக்கு அப்படி யாரும் உறுதி தர முடியாது.

மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் இந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்தது. அதன் செயலாளராக இருந்த சுரேஷ் சாந்த்வங்கர், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ‘யங் இந்தியா’ முத்திரைத் தட்டுகளைத் தேடிச் சேர்த்து டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றினார். 1935 முதல் 1955 வரை பம்பாயில் இயங்கிய கம்பெனி அது. எச்.எம்.வி.யின் நட்சத்திரங்கள் அதனிடம் இல்லை. புதியவர்களும் பொழுதுபோக்குக்குப் பாடியவர்களும்தான் பெரும்பாலும் அதில் பாடினார்கள். புகழ்பெற்றவர்களை மட்டும் பொறுக்கியிருந்தால் அந்த முத்திரையே காணாமல் போயிருக்கும். அடுத்து அவர் எடுத்தது ஓடியன் முத்திரை. 1912 முதல் 1916 வரை ஒரு முறை, 1932 முதல் 1938 வரை மறுமுறை என்று இந்தியாவில் இரண்டு காலகட்டங்களில் இயங்கிய ஜெர்மன் நிறுவனம். பெரியப்பா பெட்டியிலும் இரண்டு ஓடியன் தட்டுகள் இருந்தன. ஒன்று இரண்டு துண்டாக உடைந்திருந்தது.

உடைந்ததைச் சேர்ப்பதா? முதலில் சேர்க்கவில்லை. பிறகு ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தபோது, லேபிளுக்கும் பாட்டுக் கோடுகளுக்கும் நடுவில் உள்ள வெற்று வளையத்தில் சிறிய எண் ஒன்று பொறித்திருந்தது. இதை மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். லேபிளில் அச்சாகியிருப்பது விற்பனை எண். பாட்டை மறுபடி வெளியிட்டால் அது மாறும். மேட்ரிக்ஸ் எண் அந்தப் பதிவுக்கே உரியது, நம் பிறப்புச் சான்றிதழ் எண் மாதிரி. ஒரே பாட்டை இரண்டு தடவை பாடிப் பதிந்திருந்தால், எந்தத் தடவை பாடியது என்பதையும் பெரும்பாலும் அதன் பக்கத்திலேயே குறித்திருப்பார்கள். தட்டு பாடாவிட்டாலும் அப்படி ஒரு பதிவு இருந்தது என்று அந்தத் துண்டு சாட்சி சொல்கிறது. ஒன்பது உடைசல்களில் ஏழின் எண்ணைப் படிக்க முடிந்தது. சேர்த்துவிட்டேன்.

‘டபுள்’ என்று ஒதுக்கிய தட்டுகளையும் இதே காரணத்துக்காகத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஒரே பாட்டு, ஒரே லேபிள், இரண்டு பிரதி. இதில் எதற்கு இரண்டு வரி என்று நினைத்தால், ஒரு ஜோடியில் மேட்ரிக்ஸ் எண்ணே வேறாக இருந்தது. கேட்டுப் பார்த்தோம். பல்லவிக்குப் பிறகு வயலின் வேறு மாதிரி போகிறது.

நாடகத் தட்டுகளிலும் கொஞ்சம் தடுமாறினேன். ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் சொச்சம்தான் பிடிக்கும். அதனால் அந்தக் காலத்தில் ஒரு நாடகத்தை நான்கைந்து தட்டுகளாகப் பிரித்து ‘செட்’ என்று விற்றார்கள். பெட்டியில் வள்ளி திருமணம் இருந்தது, நடுவில் ஒரு தட்டு இல்லை. பாட்டை விட வசனமும் சிரிப்பும்தான் அதில் அதிகம். ‘இசை’ப் பட்டியலில் வசனத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் லயத்துப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தது அந்த வசனங்களைத்தான் என்கிறார் பெரியம்மா. ஒரு நகைச்சுவைத் தட்டில் சாதியைச் சொல்லிக் கேலி செய்யும் வசனம் வருகிறது. இன்று யார் வீட்டிலும் அதை ஒலிக்கவிட முடியாது. அதையும் நீக்கவில்லை. குறிப்புப் பகுதியில் என்ன இருக்கிறது என்று எழுதிவைத்தேன். ஒரு காலம் எதற்கெல்லாம் சிரித்தது என்பதும் பதிவுதானே.

லேபிள் சொல்வதா, காது சொல்வதா?

பாடகர் பெயரை எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். லேபிளில் இருப்பதைப் பார்த்து எழுத வேண்டியதுதான். ஆனால் லேபிளை எப்போதும் நம்ப முடிவதில்லை. ஆரம்ப காலத்தில் இந்தியாவில் பதிந்த இசை, தட்டாக அச்சாக ஜெர்மனியின் ஹானோவருக்குப் போனது. அங்கே இருந்தவர்களுக்கு நம் மொழி தெரியாது. அதனால்தான் 1902இல் பாடிய கவுஹர் ஜான் பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வார்.

சினிமாப் பாட்டு வந்த பிறகு வேறு குழப்பம். 1949இல் வந்த ‘மஹல்’ இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடியதற்குத் தட்டில் போட்ட பெயர் ‘காமினி’. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். தமிழில் ஏவி.எம்.மின் ‘ஸ்ரீவள்ளி’யை (1945) எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி ருக்மிணி பாடியது சரிப்படவில்லை என்று பி.ஏ.பெரியநாயகியின் குரலை அதில் சேர்த்தார்கள். திரையில் ஒருவர், காதில் இன்னொருவர். பட்டியலில் யார்?

நான் இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் லேபிளில் உள்ளபடி, எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்தாமல். அடுத்ததில் யார் என்று நாம் அறிந்தது. தெரியாத இடத்தில் காலியாக விட்டேன். ஊகித்து எழுதினால், பின்னால் வருபவர் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வார். பழைய விளம்பரத்திலும் கம்பெனிப் பட்டியலிலும் மட்டும் இருந்து, யாருமே கண்ணால் காணாத தட்டுகள் இப்படித்தான் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குத் தாவிக்கொண்டே இருக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்ததா, எங்கோ படித்ததா என்பதை ஒவ்வொரு வரியிலும் குறித்துவிடுவது நல்லது.

நான் எரித்த உறைகள்

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தட்டுகள் காகித உறைகளில் இருந்தன. பழுப்பேறி, ஓரமெல்லாம் கரையான் அரித்து, தொட்டால் உதிரும். பூஞ்சை வேறு. முதல் நாளே எல்லாத் தட்டுகளையும் புதிய உறைக்கு மாற்றினேன். பழைய உறைகளை ஒரு சாக்கில் போட்டு வீட்டுக்குப் பின்னால் கொளுத்திவிட்டேன். சுத்தமாக வேலை செய்த திருப்தி.

மூன்றாவது மாதம், இரண்டாம் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தட்டு ஒன்றைப் பிரித்தெடுத்தேன். உறையோடு வந்தது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம். உறையின் உள்பக்கம் பென்சிலில் பெரியப்பாவின் கையெழுத்து. தோட்டத்தின் பெயர், தேதி, ‘தாலி கட்டு, மேளம் வரல’ என்று ஒரு வரி. கீழே இன்னொரு தேதி, இன்னொரு தோட்டம், ‘தீமிதி’. ஐந்து வரிகள் இருந்தன.

பெரியம்மாவிடம் காட்டினேன். “எல்லா கவர்லயும் எழுதுவாரே தம்பி. எங்க போட்டாரு, எந்தக் கல்யாணத்துக்குப் போட்டாருன்னு. ஒரே வீட்டுல அடுத்த கல்யாணத்துக்கு அதே பாட்ட போட்டா கோவிச்சுக்குவாங்கன்னு” என்றார். நான் கொளுத்தியது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தட்டுகள் கல்கத்தா தம் தம் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அச்சானவை. உறைகள் இந்த உலகத்தில் ஒவ்வொன்றும் ஒரே ஒரு பிரதி. அந்தத் தோட்டங்களில் பலவற்றில் இன்று லயன் வீடுகளும் இல்லை, பால்மரமும் இல்லை. எந்த ஆண்டு, எந்தக் கோயிலில், என்ன பாட்டு ஒலித்தது என்று சொல்ல இருந்த ஒரே ஆதாரத்துக்கு நான்தான் தீ வைத்தேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார், புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீஸையும் கூடச் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அந்தச் சேகரிப்பு சென்னையில் 1994 முதல் ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. நோட்டீஸ் எல்லாம் எதற்கு என்று அவர் ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது.

மிஞ்சிய உறைகள் இரண்டு. இரண்டையும் படமெடுத்து, ‘உறை’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டுச் சேர்த்தேன். அதோடு கடை முத்திரை, லேபிளில் மையால் எழுதிய பெயர், கோயில் கமிட்டி ரப்பர் முத்திரை எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் சில விஷயங்கள். 78 தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டோ ஆல்கஹாலோ பட்டால் கரையும். சுத்திகரித்த தண்ணீரும் மென்மையான துணியும் போதும், லேபிள் நனையக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம் போல் நிற்க வையுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் ஒரு மணி நேரம் வைத்தாலும் வளைந்துவிடும். இப்போது கிடைக்கும் எல்.பி. பிளேயர் ஊசி இதற்கு ஆகாது. அதன் முனை ஏறக்குறைய 25 மைக்ரான், 78க்கு 75 மைக்ரான் அளவு வேண்டும். கணினிக்கு மாற்றும்போது கீறல் ஒலியை நீக்காத மூலக் கோப்பு ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதியச் சொல்கிறது. யூடியூபில் ஏற்றும் முன் காப்புரிமையைப் பாருங்கள். மலேசியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டு, இந்தியாவில் 60. பாட்டு எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனிக் கணக்கு. பட்டியல் போடுவதற்கு யார் அனுமதியும் தேவையில்லை.

எரிந்துபோன உறைகளுக்குப் பதிலாக இன்னொரு கட்டம் போட்டேன். தலைப்பு ‘பெரியம்மா சொன்னது’. ஒவ்வொரு தட்டாக ஒலிக்கவிட்டு, அவருக்கு என்ன நினைவு வருகிறதோ அதைப் பதிவு செய்தேன். நூலகர் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் இது பட்டியலில் வரக்கூடாது, நினைவு பிசகும் என்றார். பிசகும்தான். அதனால்தான் யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று சேர்த்து எழுதியிருக்கிறேன். 109 தட்டுகளில் 61க்கு அவரிடம் ஏதோ ஒன்று இருந்தது. சில இடத்தில் ஒரே சொல். ஒரு சோகப் பாட்டுக்கு, “இத அவரு கல்யாணத்துல போடவே மாட்டாரு. ஒரு தடவ தெரியாம போட்டு, பொண்ணோட அப்பா வந்து ஊசியத் தூக்கிட்டாரு” என்று சிரித்தார். சீன எழுத்துத் தட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். ராசா கடைத்தெருவில் ஒரு தவுக்கே பழைய பாக்கிக்குப் பதிலாகக் கொடுத்ததாம். பெரியப்பா அதை ஒரு தடவைகூடப் போட்டதில்லை. பட்டியலில் அது 87ஆவது எண்.

பழம்பொருள்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். பட்டியலைப் பார்த்த பிறகு, பெட்டியைப் பிரிக்க வேண்டாம், கொஞ்ச நாள் உன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை. பெரியம்மா ஜொகூருக்குக் கிளம்பும் அன்று, பெரியப்பாவோடு மைக் செட்டுக்குக் கூடப்போன ஒருவர் இன்னும் கோலசிலாங்கூர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னார். அவரிடமும் ஒரு பெட்டி இருக்கிறதாம். அடுத்த ஞாயிறு போகிறேன். உறைகளை எடுத்து வைக்கும்படி முன்கூட்டியே போனில் சொல்லியிருக்கிறேன்.